விசில் ஏட்டையாவும் மூன்று க்ளீனர்களும்

எச்சரிக்கை என்று எழுதியிருந்தால் அதை முழுசாக நம்புகிற கடைசி மனிதர், தென்காசியில் எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த விசில் ஏட்டையாதான். மாத்திரை அட்டையில் 'வெயில் படாமல் வைக்கவும்' என்று போட்டிருந்ததால், மருந்துக் கடையிலிருந்து வீடு வரை ஒவ்வொரு கடை நிழலாகப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி வந்தவர். பஸ்ஸில் 'கை, தலை நீட்டாதீர்' என்பதைப் படித்துவிட்டு, ஜன்னலோரத்து ஆபத்தை விட்டு விலகி, பக்கத்தில் இருந்தவர் மடியில் பாதி உட்கார்ந்தபடியே செங்கோட்டை வரை போனவர். இப்படிப்பட்ட மனிதர் கையில் இன்டர்நெட் உள்ள ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்? என்னைக் கேளுங்கள். அனுபவித்தவள் நான்தான்.

அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பெரும்பகுதி குற்றாலம் மெயின் அருவியில் கழிந்தது. சீசனில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவனைத் தடுப்பது, சோப்பைப் பிடுங்குவது, தண்ணீர் அருவி முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றுவது, இதுதான் வேலை. ரிட்டையர் ஆனபோது தொப்பியும் பெல்ட்டும் போயின. விசில் மட்டும் கழுத்திலேயே தங்கிவிட்டது. தெருவில் யார் காரை ரிவர்ஸ் எடுத்தாலும் ஓடி வந்துவிடுவார். சட்டை இல்லாமல் வந்திருக்கிறார், விசில் இல்லாமல் வந்ததில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. அருவிக்கரையில் கூட்டத்தைக் கலைத்துவிட்டுச் சங்கிலி போடும் முன், கையைக் குவித்து வைத்துக்கொண்டு, "உள்ள யாரும் இருக்கியளா?" என்று ஒரு சத்தம் கொடுப்பாராம். அந்த இரைச்சலில் யார் காதில் விழும் என்று ஒருமுறை கேட்டேன்.

"பதில் வராதும்மா," என்றார். "அதுக்காக ஒரு சத்தம் குடுக்காம சங்கிலியப் போட முடியுமா?"

அந்தச் சத்தம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கொல்லைக் கதவு, பரண், பீரோ என எதைச் சாத்தினாலும் கேட்பார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி, நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுகிறவர், "நான் ஒருத்தி இருக்கேன், வேற யாரு இருக்கா" என்று சலித்துக்கொள்வார்.

கம்ப்யூட்டர் அவர்கள் மகள் வாங்கியது. கல்யாணம் முடிந்து மஸ்கட் போகும்போது, முகம் பார்த்துப் பேச வசதியாக இருக்கும் என்று கூடத்தில் வைத்துவிட்டுப் போனாள். கல்யாண வீடியோவும் அதில்தான் இருந்தது. அடுத்த லீவில் வரும்போது ஒரு காப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தாள். ஆச்சி தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டுப் பார்ப்பார். ஏட்டையா அந்த நேரம் பார்த்து வெளியே போய்விடுவார்.

முதல் க்ளீனர் பஞ்சாங்கத்தோடு வந்தது. இன்டர்நெட்டிலிருந்து இலவசப் பஞ்சாங்கம் ஒன்றை ஏட்டையா இறக்கினார். அதன் அடியில் ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்த கட்டம் ஒன்றின் வழியே, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று துடைப்பம் படம் போட்ட ஒரு க்ளீனர் புரோகிராம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டது. மறுநாள் திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கணினி அபாயத்தில் இருக்கிறது, உடனே சுத்தம் செய்யுங்கள் என்றது. ஏட்டையாவுக்குச் சிவப்பு என்றால் ஆர்ச்சைத் தாண்டிய தண்ணீர்தான். ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கிற நேரமா அது? சொன்ன பட்டனையெல்லாம் அமுக்கினார். துடைப்பம் தன் பங்குக்குக் கேடயம் படம் போட்ட ஒன்றைக் கூட்டி வந்தது. கேடயம் வந்த கையோடு துடைப்பத்தைச் சந்தேகப் பேர்வழி என்றது. இரண்டும் சேர்ந்து மிஷினை நகர விடாமல் பண்ண, வேகப்படுத்துகிறேன் என்று மூன்றாவதாக ஒரு ராக்கெட் வந்து இறங்கியது.

நான் வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவள், கம்ப்யூட்டரில் எழுதுகிறவள். ஆகவே எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியும் என்பது தெருவின் தீர்ப்பு. பேனாவால் எழுதிய காலத்தில் யாரும் என்னிடம் பேனாவை ரிப்பேருக்குக் கொண்டுவந்ததில்லை. நான் பாதிக் கட்டுரையில் இருக்கும்போதுதான் வாசலில் விசில் கேட்கும். போய்ப் பார்த்தால் மூன்று சிவப்புப் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று, மற்ற இரண்டையும் நீக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இது மூன்றும் வேண்டாத சாமான், எடுத்துவிடலாம் என்று நான் சொன்னால் அவருக்கு மனசு வராது. "காவலுக்கு நிக்கவன எப்படிம்மா போகச் சொல்லுதது?" என்பார். மூன்றுக்கும் டூட்டி வேறு போட்டிருந்தார். காலையில் துடைப்பம், மத்தியானம் கேடயம், சாயங்காலம் ராக்கெட். அவை அடித்துக்கொள்வதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. எல்லைத் தகராறு எந்த ஸ்டேஷனில்தான் இல்லை என்று கேட்டார். மிஷின் எழுந்து உட்காருவதற்குள் ஆச்சி தோசைக்கு அரைத்து முடித்துவிடுவார். மஸ்கட்டிலிருந்து மகள் கூப்பிட்டால் அவள் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே நிற்கும்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருந்தோம். ஒருநாள் கல்யாண வீடியோ காணாமல் போனது.

நடந்தது இதுதான். ராக்கெட் சிவப்பாக எரிந்து, இடம் இல்லை, பெரிய கோப்புகளை உடனே அகற்றவும் என்றிருக்கிறது. அருவியில் நெரிசல் என்றால், நடுவில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற தடியனைத்தான் முதலில் இழுத்து வெளியே விட வேண்டும். அது ஏட்டையாவின் தொழில் தர்மம். கம்ப்யூட்டரில் இருந்த பெரிய தடியன் அந்த வீடியோதான். ஒரே அமுக்கு. கல்யாணத்தை வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரரிடம் பழையது எதுவும் இல்லை. அவர் கொடுத்த பென்டிரைவை அழித்து ஏட்டையா எப்போதோ சாமிப் பாட்டு ஏற்றிவிட்டார். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் தேடினேன், அங்கும் இல்லை.

அன்றிலிருந்து ஆச்சி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் போனால் என் மூலமாகப் பேசுவார். ஏட்டையா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "ஏட்டி, காப்பி ஆறுதுன்னு அவியகிட்ட சொல்லு," என்பார் ஆச்சி. நான் திரும்பி, காப்பி ஆறுகிறதாம் என்பேன். அவர் சீனி போதவில்லை என்பதை என்னிடம் சொல்வார். கட்டுரை எழுத வேண்டிய ஒருத்தி இரண்டு பேருக்கு நடுவே தபால்காரியாக அலைந்தேன். எனக்கு அலுத்துவிட்டது. அவர்களைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. சீசன் லீவுக்கு மகள் வரப் போகிறாள் என்று போன் வந்ததும் ஏட்டையாவின் முகம் இன்னும் சுருங்கிப்போனது. கல்யாண வீடியோ எங்கே என்று அவள் கேட்டால் என்ன சொல்வார்?

ஒருநாள் அவரே வந்து வாசலில் நின்றார். விசில் அடிக்கவில்லை.

"எம்மா, மூணு பேரையும் அனுப்பிரு. அவ இப்படிப் பேசாம இருந்தா வீட்ல இருக்க முடியல."

துடைப்பத்திலிருந்து ஆரம்பித்தேன். அகற்று என்றதும் அழுகிற முகம் ஒன்றைக் காட்டி, ஏன் எங்களை நீக்குகிறீர்கள் என்று கேட்டது. நான் மூடப் போனேன். காரணம் சொல்லாமல் ஒருவனை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று ஏட்டையா தடுத்து, அவர் சொல்லச் சொல்ல என்னை டைப் அடிக்க வைத்தார். வேலையில் குறை இல்லை, குடும்பத்தில் சங்கடம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு, "உள்ள யாரும் இருக்காவளா, பாத்துக்கோ," என்றார். பார்த்தேன், யாரும் இல்லை. மறுநாள் காலை துடைப்பம் மறுபடியும் திரையில் வந்து நின்றது. ஏட்டையாவுக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷம்தான். கம்ப்யூட்டர் திறக்கும்போதே தானாக எழுந்திருக்கிற அதன் எடுபிடி ஒன்று ஒளிந்திருந்தது. அதையும் தேடிப் பிடித்து நீக்கினேன். கேடயத்துக்கும் அதே சடங்கு, அதே கேள்வி. அதற்குள்ளும் யாரும் இல்லை.

ராக்கெட்டுக்கு வரும்போது எனக்கு உடம்பில் தெம்பில்லை. இடுப்பு வலி, உட்கார்ந்த இடத்துக்கு மின்விசிறிக் காற்றும் வரவில்லை. என் கட்டுரை வேறு அங்கே பாதியில் கிடக்கிறது. கடைசிப் பெட்டியும் வந்துவிட்டது. இத்துடன் இதன் எல்லாக் கோப்புகளும் நீங்கும், சம்மதமா என்றது. விரல் அமுக்கப் போகிறது.

"பொறும்மா," என்றார். "உள்ள யாரும் இருக்காவளா?"

எனக்கு எரிச்சல் வந்தது. இருக்கட்டும், வயசானவர், மனசு நோகக் கூடாது என்று அந்தப் பெட்டியை மூடிவிட்டு, ராக்கெட்டைத் திறந்து அதன் ஒவ்வொரு அறையாகக் காட்டினேன். பாருங்கள், இங்கே இல்லை, இங்கேயும் இல்லை. கடைசியாகப் பாதுகாப்பு அறை என்று ஒன்று. நான் அதுவரை எட்டிப் பார்க்காதது. திறந்தேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தது. பெரிய தடியன்.

ராக்கெட் அதை அழிக்கவில்லை, தன் அறையில் பூட்டி வைத்திருந்திருக்கிறது. நான் அமுக்கியிருந்தால் ராக்கெட்டோடு அதுவும் போயிருக்கும். கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வீடியோவை வெளியே எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு ஆச்சியைக் கூப்பிட்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். தாலி கட்டுவதை, பந்தியை, எதையும் பார்க்கவில்லை. நேராகக் கடைசிக்கு இழுத்தார். எங்கள் தெருதான். மாப்பிள்ளை வீட்டுக் கார் ரிவர்ஸில் போகிறது. வேட்டி சட்டையில் ஏட்டையா பின்னால் நின்று விசிலடித்துக் கை காட்டுகிறார். கார் திரும்புகிறது, ஜன்னலில் மகள் முகம் தெரிகிறது, விசில் நின்றுவிடுகிறது. வாயில் விசில் அப்படியே இருக்கிறது, கன்னம் உப்பி இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. கண்ணிலிருந்து வடிகிறதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் இன்னும் கை காட்டிக்கொண்டே இருக்கிறார்.

ஆச்சி அவர் பக்கம் திரும்பினார். என் பக்கம் இல்லை.

"அழுதது வெளிய தெரியக் கூடாதுன்னு வேணும்னே அழிச்சிட்டியளோன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு அழிக்கேன்? தண்ணி ஏறிட்டுன்னு ராக்கெட் சொன்னான். வெளியேத்துனேன்."

ஆச்சி வீடியோவை நிறுத்தினார். பிறகு, "சரி, சாப்பிட வாங்க," என்றார். எனக்கும் சேர்த்து இலை போட்டார்.

மகள் வந்தாள், காப்பி எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் இலஞ்சிப் பக்கம் வீடு மாறிவிட்டோம். சாரல் விழ ஆரம்பித்தால் ஏட்டையா இப்போதும் போன் போட்டு, அருவியில் தண்ணீர் எப்படி என்று நான் கேட்காமலே சொல்கிறார். என் கம்ப்யூட்டரில் சிவப்புப் பெட்டி எதுவும் வருவதில்லை. ஆனாலும் வேலை முடிந்து அதை மூடும் முன் மெதுவாக ஒரு சத்தம் கொடுக்கிறேன், உள்ளே யாரும் இருக்கிறீர்களா என்று. பதில் வராது. அவர் ஞாபகம் வரும், அது போதும் எனக்கு.