மாப்பிள்ளை விட்டுப்போன ஆறு முட்டைகள்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள். முட்டைகளைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. போனில் சொல்லலாமென்றால் பேத்திதான் எடுக்கிறாள், அதனால் கடிதம்.

வேலை மாற்றலாகிக் கிளம்பும் அவசரத்தில் இன்குபேட்டரை எங்கள் கூடத்தில் இறக்கிவைத்து, "ஒண்ணும் கஷ்டமில்ல மாமா, கோழி முட்டைதானே, இருபத்தொரு நாள்ல தானா பொரிச்சிடும்" என்றீர்கள். ஆலையில் பாய்லர் பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான், சூடு என் கைக்கு அடங்காதா என்று மார்தட்டிக்கொண்டேன். முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டவிடவில்லை, வேளாவேளைக்கு முட்டைகளைப் புரட்டினேன், தண்ணீர்க் கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொண்டேன், பெட்டிக்குக் காற்றடிக்கும் என்று மின்விசிறியை நிறுத்தி அத்தையை வியர்க்கவிட்டேன், நடுவில் ஒருநாள் கரண்ட் போய்விட, வீட்டிலிருந்த கம்பளியெல்லாம் பெட்டிக்குப் போர்த்தி, வெந்நீர் பாட்டில்களைச் சுற்றி அடுக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "என்னை ஆஸ்பத்திரில சேர்த்தப்பகூட நீங்க இப்படி உட்காரலையே" என்றாள் அத்தை. அதோடு பேச்சு குறைந்துவிட்டது.

கெடு முடிந்து ஒரு வாரமாகிறது மாப்பிள்ளை, ஓட்டில் ஒரு கீறல் இல்லை, உள்ளே ஒரு சத்தம் இல்லை. கடைசி நாட்களில் மூடியைத் திறக்கக் கூடாது என்றீர்களே, திறக்கவில்லை. கண்ணாடியில் வைத்து வைத்து என் மூக்குத்தான் சிவந்தது. "அவிச்சிட்டீங்க" என்கிறாள் அத்தை. குளிர்ந்துபோயிருக்கும் என்கிறேன் நான். இதில் பேத்தி வேறு தினமும், "தாத்தா, வெளிய வந்துச்சா?"

"தூங்குதும்மா."

"இன்னுமா?"

"நல்லாத் தூங்குது."

ஆறுக்கும் பேர் வேற வச்சிருக்கா, ஒவ்வொண்ணையும் தனித்தனியா விசாரிக்கிறா, நானும் ஆறு தடவை 'தூங்குது' சொல்றேன் மாப்ளே.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இந்த உறையை ஒட்டியதும் சுவிட்சை அணைக்கிறேன். செத்துப்போனதை எத்தனை நாள் சூடு பண்றது? குழந்தையிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பழியை என்மேலேயே போடுங்கள். தாத்தா வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒரு வார்த்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூவரும் நோய்நொடி இல்லாமல், இனி முட்டைப் பக்கமே போகாமல் பல்லாண்டு வாழ வாழ்த்தும்,
மாமனார்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். சுவிட்சில் கை வைத்தேன், பெட்டிக்குள் 'டொக்' என்றது. கையை எடுத்துட்டேன். மறுபடியும் 'டொக்'. அத்தையும் நானும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தோம், மூச்சுவிடக்கூடப் பயம். ஆறும் வந்தாச்சு! முதலாவதைக் கையில் எடுத்த அத்தை, "ஏங்க, மூக்கு ஏன் இப்படித் தட்டையா இருக்கு?" என்றாள். காலைப் பார்த்தால் விரலுக்கு விரல் சவ்வு. மாப்பிள்ளை, இவை வாத்து. வாத்துக்கு ஒரு வாரம் கூடுதலாமே, முட்டை வாங்கிய இடத்தில் உங்களிடம் சொல்லவில்லையா? குஞ்சு வந்துவிட்டதென்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன். என்ன குஞ்சு என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அத்தை இப்போது துணி ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள், "ஓரமா நில்லுங்க, மிதிச்சிடப் போறீங்க" என்று என்னை அதட்டிக்கொண்டே.