வெளிச்சவீட்டுக்காரர் யாருடைய மகன்?

மட்டக்களப்பில் செத்துப்போகிறவர்களுக்கு ஒரேயொரு ஆறுதல்தான் உண்டு: தங்களுடைய மரண அறிவித்தலைத் தாங்களே கேட்கவேண்டியதில்லை. உயிரோடு இருக்கிற நாங்கள்தான் கேட்டுத் தொலைக்கவேண்டும். ஓட்டோவின் தலையில் கட்டிய லவுட்ஸ்பீக்கரில், புளியந்தீவு முழுக்கச் சுற்றி, கல்லடிப் பாலம் தாண்டியும் விடாமல், செத்தவரைவிடச் சாகாத உறவினரைப் பற்றியே கூடுதலாகச் சொல்லிக்கொண்டு போகும் அந்தக் குரலுக்கு ஊர் வைத்த பெயர் ‘அறிவித்தல்’. பெற்றவர்களும் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். யாரும் விசாரித்ததில்லை.

மைக் இல்லாத நேரத்திலும் மனிதர் அறிவித்துக்கொண்டேதான் இருப்பார். தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும், “இத்தால் சகலருக்கும் அறியத்தருவது, சீனி குறைஞ்ச பிளேன்டீ ஒண்டு” என்பார். ஒருநாள் சந்தையில் மீனொன்றின் செவுளை விரித்துப் பார்த்துவிட்டு, “வாவியைப் பிறப்பிடமாகவும் உன்ட பெட்டியை வசிப்பிடமாகவும் கொண்ட இவர் எப்ப காலமானவர்?” என்று கேட்டார். மீன்காரர் கத்தியோடு எழும்பினார். “பொறு மனே, துக்கத்தில பங்குகொள்றன்” என்று சொல்லிக்கொண்டே அறிவித்தல் நழுவினார். அந்த மீனை நான்தான் வாங்கினேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பது சட்டியில் போட்ட பிறகுதான் தெரிந்தது.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வேலை செய்யமாட்டார். அன்றைக்கு மனநலக் கிளினிக். எங்கள் ஊரில் அந்தக் கிளினிக் கொப்பியைக் கமக்கட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, பல்லுவலிக்கு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் போவார்கள். இவரோ பள்ளிக்கூடக் கொப்பி போலப் பிறவுண் பேப்பர் உறை போட்டு, லேபலும் ஒட்டிக் கையில் பிடித்துக்கொண்டு போவார். முதல்நாளே தேநீர்க் கடையில் சொல்லியும் விடுவார்: “நாளைக்கு எனக்குக் கிளினிக். சாக யோசிச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து புதன்கிழமைக்கு ஒத்திவைக்கவும்.”

அவரிடம் இன்னொரு கொப்பியும் இருந்தது. தன்னுடைய மரண அறிவித்தலைத் தானே எழுதி வைத்திருந்தார். உறவினர் வரிசை முடிந்ததும் ‘பாசமிகு நண்பர்கள்’ என்றொரு வரிசை. சண்டை வந்தால் பெயர் இறங்கும், பிளேன்டீயோடு கடிக்க ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தால் ஏறும். நான் நாலாம் இடத்தில் இருந்தேன். அவருடைய குரலுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடலாம் என்று சொன்ன அன்றைக்கு ஒன்பதாம் இடத்துக்குப் போனேன்.

இனி என் அழகைச் சொல்லவேண்டும். எனக்கு வயது நாற்பத்துநாலு. அரசாங்கக் கந்தோரொன்றில் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிற எழுதுவினைஞர். வீட்டில் கணினி விளையாட்டு. “பல்லு விழப்போற வயசில கேம்” என்பது என் மனைவியின் மதிப்புரை. நான் விழுந்து கிடந்தது வெளிநாட்டுக்காரன் செய்த ஒரு மீன்பிடி விளையாட்டில். அதில் படகுகளுக்கு வழிகாட்ட ஒரு வெளிச்சவீடு. அங்கே ஒரு காவல்காரர். கதவைத் திறந்து, “இன்றைக்குக் காற்று மாறும்” என்று ஒரே வரி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். அவ்வளவுதான் அவருடைய பங்கு. உலகத்தில் உள்ள வேலையற்ற ரசிகர்கள் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தங்கள் பாட்டுக்குக் கதை எழுதி, விளையாட்டுக்குப் புதுப் பாகம் செய்து இலவசமாக விடுவார்கள். மட்டக்களப்பிலும் இரண்டு பேர் சேர்ந்தோம். போன் திருத்தும் கடை வைத்திருக்கிற கஜன் கணினி வேலை செய்தான். கதை நான்.

என் கதையைக் கேளுங்கள். வெளிச்சவீட்டுக்காரனுக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன. ஆகவே அவன் ஏழு பேரைக் கொல்கிறான். இந்த ‘ஆகவே’ எங்கேயிருந்து வந்தது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பாத்திரத்தின் பெயர் என்ற இடத்தில் ‘பெயரற்ற விசரன்’ என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். கந்தோர்க் கோப்பின் பின்பக்கத்தில் எழுதப்பட்ட மாபெரும் காவியம்.

குரல் கொடுக்க ஆள் வேண்டும். ஊரில் குரல் என்றால் ஒன்றுதான். கஜனின் கடையில் ஒரு பின்னேரம் அறிவித்தலைக் கொண்டுவந்து உட்காரவைத்து, கையில் தாளைக் கொடுத்தோம். மனிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியும் வாசிக்காமல் கேட்டார்:

“இவர் ஆருட மகன்?”

“அது தேவையில்ல ஐயா. இவன் ஒரு சைக்கோ” என்றான் கஜன்.

“சைக்கோவுக்குத் தாய் இல்லையா? பிறப்பிடம்? மச்சான்மார்? ஒண்டும் போடல்லயே. தம்பி, பஸ் நிலையத்தில அநாதையாச் செத்த ஒரு மனிசனுக்கு, ‘பஸ் நிலையத்தாரின் அன்பு நண்பர்’ எண்டு போட்டு வாசிச்ச ஆள் நான். பேரும் உறவும் இல்லாம ஒருத்தரையும் இந்த ஊரில நான் அறிவிச்சதில்ல.”

“அண்ண, இது கதை” என்றேன், இலக்கியவாதியின் பொறுமையோடு. “அவனுக்குக் குரல் கேக்குது. அதால கொல்றான்.”

“எனக்கும் கேட்டது.”

நானும் கஜனும் சுவரைப் பார்த்தோம்.

“கிரிக்கெட் கொமென்ட்ரி மாதிரிக் கேக்கும்” என்றார். “நான் பல்லு விளக்கினா, ‘விளக்குறான், விளக்குறான், இடப்பக்கத்த விட்டுட்டான்’ எண்டு சொல்லும். சோறு திண்டா, ‘இவனுக்கு இது மூணாவது பிளேட்’ எண்டும். நித்திரை போயிற்று. பயம். அக்காட வீட்டு அறைக்குள்ள ரெண்டு மாசம் கிடந்தன். அந்த ரெண்டு மாசமும் நான் செஞ்ச கொலையெல்லாம் கடிக்க வந்த நுளம்புதான். இப்ப மருந்து இருக்கு. கொமென்ட்ரிக்காரன் எப்பவாவது வந்தா ஸ்கோர் சொல்லிட்டுப் போயிருவான்.”

பிறகு தாளைத் தூக்கிப் பிடித்து, தன் மரண அறிவித்தல் தொனியிலேயே வாசித்தார்: “குருதி... குருதி... குரல்கள் என்னை அழைக்கின்றன...” மூன்றாவது குருதிக்குப் போகமுடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, தொண்டையில் திரும்பி, மூக்கால் வெளியேறி, மறுபடியும் உள்ளே போய் வந்த பெருஞ்சிரிப்பு. கதிரையில் இருந்து சரிந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை என் மடியில் போட்டார். “இத நான் வாசிக்க மாட்டன் மனே. நாளைக்கு ஒரு செத்தவீட்டு வாசல்ல நான் நிக்கவேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனபிறகுதான் கஜன் காட்டினான். மைக் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

“அண்ண, சிரிப்பு மட்டும் எடுப்பமா? பேய்ச் சிரிப்பு!”

ஒரு மனிதர் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு, “எடு” என்று நான் சொன்னேன். கஜன் சொல்லவில்லை, நான் சொன்னேன். இருட்டான வெளிச்சவீடு, இரத்தச் சொட்டு, ‘குரல்கள் அழைக்கின்றன’ என்ற எழுத்து, பின்னால் அந்தச் சிரிப்பு என்று ஒரு நிமிட முன்னோட்டம் செய்து இணையத்தில் விட்டோம். என் கதையின் மோசத்தைத் தாங்காமல் ஒருவர் சிரித்த சிரிப்பை, விசரனின் சிரிப்பு என்று ஊருக்குக் காட்டினோம். ஊரில் எல்லோருக்கும் அது யாருடைய சிரிப்பு என்று தெரிந்தது. அவர் எந்தக் கிளினிக்குக்குப் போகிறார் என்பதும் தெரியும். அதைத்தான் அவர் லேபல் ஒட்டியே காட்டியிருந்தாரே.

அடுத்த கிழமை கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரர் சிவத்தின் தாய் காலமானார். செத்தவீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் நான் துக்கமாக இருந்தபோது ஒழுங்கைக்குள் அறிவித்தலின் ஓட்டோ வந்தது. “கல்லடியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட...” என்று தொடங்கினார். மதிலில் குந்தியிருந்த இளவட்டங்கள் நாலைந்து பேர் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்கள். அடிவயிறு, தொண்டை, மூக்கு எல்லாம் அச்சொட்டாக. ஒருவன், “குரல்கள் அழைக்கின்றன!” என்று கத்தினான். வீட்டுக்குள் அழுகை நின்றுபோனது.

சிவம் வெளியே வந்து சொன்னார்: “அண்ண, குறை நினைக்காதீங்க. எங்கட அம்மாட பேரோட இந்தச் சிரிப்பு வேணாம். நாங்க வேற ஆளப் பாக்கிறம்.”

அறிவித்தல் மைக்கை நிறுத்தினார். பெயர்ப் பட்டியலை நாலாக மடித்து இரண்டு கையாலும் சிவத்திடம் கொடுத்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கதிரைக்குக் கீழே விழாத ஒரு செருப்பைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். படலையிலேயே மறித்தார்.

“பேரை எடுத்துட்டன்.”

“ஒன்பதிலயிருந்தா?”

“கொப்பியிலயிருந்து.”

முன்னோட்டத்தை அழித்துவிட்டோம், மன்னியுங்கள் என்றேன். “அழிச்சா? ஊர்ட காதிலயிருந்து எப்பிடி அழிப்பாய்? மதில்ல இருந்த பொடியன்மார் என்னையா பாத்துச் சிரிச்ச? உன்ட கதையைத்தான் திருப்பிச் சொன்ன. இனி எந்த வீட்டுக்காரன் என்ட கையில தாய்ட பேரைத் தருவான்?” என்றார். பிறகு வழமையான தொனிக்கு வந்தார். “இத்தால் அறியத்தருவது, திருத்தம் ஒண்டு போகவேணும். வாசிக்கப் போறது நீ.”

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஓட்டோவின் பின்சீற்றில் மைக்கோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் அறிவித்தல். எழுதித் தந்ததும் அவர்தான். வாசிக்கும்போது என் குரல் ஆட்டுக்குட்டியினுடையது.

“புளியந்தீவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவரும், கந்தோர் எழுதுவினைஞரும்...” என்று தொடங்கி, என் பெயர், தகப்பன் பெயர், மனைவி, மாமன், மாமி, மச்சான்மார் நாலு பேர், சகலன் எல்லோரும் வந்துபோன பிறகுதான் விஷயம் வரும்: “ஆகியோரின் உறவினரான இவர் எழுதிய விளையாட்டுக் கதையில், குரல் கேட்பவர் கொலை செய்வார் என வந்தது பிழை. அது எழுதியவரின் சோம்பலால் நேர்ந்தது. அதில் ஒலித்த சிரிப்பு, மேற்படி கதையின் தரத்தைக் கண்டு சிரித்த சிரிப்பாகும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.”

ஓடுகிற ஓட்டோவில் இவ்வளவு நீளமாக வாசித்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு வீதிக்கும் முதற்பாதிதான் கேட்கும். பெயர், பிறப்பிடம், மச்சான்மார் கேட்கும், ஓட்டோ போய்விடும். நான் செத்துப்போனேன் என்று ஊர் முடிவெடுத்தது.

பத்தேமுக்காலுக்கு என் வீட்டில் பிளாஸ்டிக் கதிரை இறங்கியது. மாமி கல்லடிப் பாலத்திலிருந்தே அழத் தொடங்கியிருந்தார். காத்தான்குடியிலிருந்து நான் சாரன் வாங்குகிற கடைக்காரர் வந்து, “நல்ல மனிசன், விலை பேசமாட்டார்” என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டோவிலிருந்து நான் இறங்கியதைக் கண்டதும் அவருடைய முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சி என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. யாரோ ஒரு பெரியவர் என்னிடமே, “எத்தனை மணிக்கு எடுக்கிற?” என்று கேட்டார். மனைவி கதிரைகளை எண்ணிவிட்டு, “நீங்களே திருப்பி அடுக்குங்க” என்றாள்.

முழுவதையும் கேட்ட ஒரே இடம் என் கந்தோர். வாசலில் மாடு படுத்திருந்ததால் ஓட்டோ நின்றது. ஜன்னலில் சிவம் நின்றார்.

பிறகு அறிவித்தல், கஜன், நான் மூவரும் கஜனின் கடையில் இருந்து கதையைத் திருப்பி எழுதினோம். எழுதினோம் என்றால், அறிவித்தல் சொன்னார், நான் முத்திரை குத்தினேன். வெளிச்சவீட்டுக்காரருக்குப் பெயர் வந்தது. ஒரு அக்கா வந்தார். கொமென்ட்ரி வந்தது, அது விளையாடுகிறவனின் மீன்பிடியையும் நக்கலடிக்கும். மாதத்தில் ஒருநாள் அவர் கிளினிக்குக்குப் போகும்போது விளக்கை விளையாடுகிறவன்தான் ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் படகுகள் திரும்பாது.

“ஒரு பாட்டுப் பாடி, அவருக்குச் சுகமாகிற மாதிரி முடிப்பமா அண்ண?” என்று நான் கேட்டேன்.

“பாட்டுக்குச் சுகமாகிறதெண்டா நான் ஏன் விடிய வெள்ளெனக் கியூவில நிக்கிறன்? கிளினிக் கொப்பியைக் குடுத்து அனுப்பு.”

கஜனுக்கு ஒரே கவலை. “அப்ப கொலைகாரன் ஆர் ஐயா?”

“கொல்ல ஆசைப்படுறவன். ஊரில ஆக்கள் குறைவா? தேடு.”

கஜன் தேடினான். இப்போது அந்த விளையாட்டில் கொலைகாரன், நோய்நொடி எதுவுமில்லாத, நல்லாய்ச் சாப்பிடுகிற, முத்திரை குத்துகிற ஒரு கந்தோர்க்காரன். மூக்குக்கூட என்னுடையது.

சில நாள் கழித்து சிவம் என் மேசைக்கு வந்து மெல்லக் கேட்டார்: “அம்மாட முப்பத்தொண்டாம் நாள் வருது. அறிவிக்கவேணும். அண்ணட்டக் கேக்க எனக்கு முகமில்ல. நீ கேப்பியா?” பட்டியலைக் கொண்டுபோனேன். அறிவித்தல் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு வாசிக்காமல் திருப்பிக் கொடுத்த பெயர்கள் அத்தனையையும் வரிசை பிசகாமல் சொன்னார். பேரப்பிள்ளைகள் உட்பட.

பிறகு தன் கொப்பியை எடுத்து விரித்தார். நண்பர்கள் வரிசையில் என் பெயரைத் தேடினேன். இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லையாக்கும் என்று நினைத்தபோது கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனார். அங்கே தனியாக எழுதியிருந்தது: ‘அறிவிப்பவர்’. அதற்குப் பக்கத்தில் நான்.

“எனக்கு வாசிக்க ஊரில வேற ஆள் இல்லயே மனே. சும்மாவா உன்ன அண்டைக்கு ஓட்டோவில ஏத்தின நான்? குரல் ஆட்டுக்குட்டிதான். பழகினாச் சரிவரும்.”

மட்டக்களப்பிலேயே மிக மோசமான குரல் அவருடையது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் எனக்கு வாசிப்பு இலேசில் வராது என்றும், பழக இன்னும் நாற்பது வருஷமாவது எடுக்கும் என்றும், அதுவரை அவர் பொறுத்திருக்கவேண்டும் என்றும் இத்தால் அவருக்கு அறியத்தந்திருக்கிறேன்.