அம்மி அங்கிளும் என் கல்யாணக் கல்லும்

பிரிக்ஃபீல்ட்ஸில் சட்டப்படி கல்யாணம் ஆவதற்குப் பதிவு அலுவலகம் போதும். ஒழுங்காகக் கல்யாணம் ஆவதற்கு அம்மி அங்கிள் வரவேண்டும். ஐயர் தாமதமாக வந்தால்கூட எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். "அம்மி வந்திருச்சா?" என்றுதான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கேட்பார்கள்.

அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் விசாரித்ததில்லை. லோரி ஓட்டினார், கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஊரில் பழைய கோட்டர்ஸ் வீடுகளையெல்லாம் இடிக்க இடிக்க, ஜனங்கள் சாமி படத்தையும் டிவியையும் தூக்கிக்கொண்டு ஃப்ளாட்டுக்குப் போனார்கள். பரம்பரை பரம்பரையாக வந்த அம்மியை மட்டும் குசினிப் பக்கம் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மிக்ஸி வந்த பிறகு அந்தக் கனத்தை எவன் தூக்குவான்? இவர் தூக்கினார். செந்தூல், செலாயாங், கிள்ளான் என்று எங்கே வீடு இடிந்தாலும் மனிதர் லோரியோடு ஆஜர். வாடகை வீட்டு வாசலில் கார் நிறுத்த வேண்டிய இடம் முழுக்க அம்மிதான்.

சேர்த்ததோடு விட்டாரா? வெள்ளிக்கிழமை தவறாமல் ஹோஸ் பைப்பில் எல்லாக் கல்லுக்கும் குளியல். ஞாயிற்றுக்கிழமை, நாம் மீன்குழம்பு சாப்பிட்டுக் கண்ணசருகிற நேரமாகப் பார்த்து, மழுங்கிப்போன கல்லுக்கெல்லாம் உளியால் கொத்து. டொக்கு டொக்கு என்று தெருவே அதிரும். பொறுக்கமுடியாமல் என் அப்பா ஒருநாள் சண்டைக்குப் போனார்.

"யாரும் அரைக்காத கல்லுக்கு எதுக்கு லா கொத்து?"

அங்கிள் உளியைக் கீழே வைக்காமலே சொன்னார், "நீங்ககூடத்தான் ரிட்டயர் ஆயி வீட்டுல இருக்கீங்க. முடி வெட்டிக்கலையா?"

அப்பா தலையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார்.

கல்யாணம் என்றால் தோளில் துண்டைப் போட்டு, அதன்மேல் ஓர் அம்மியைச் சுமந்துகொண்டு மண்டபத்துக்கு வந்துவிடுவார். என் கல்யாணத்திலும் அப்படித்தான். மாப்பிள்ளை என் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்தபோது ஐயர் அருந்ததியைப் பற்றி என்னவோ சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது பக்கத்தில் நின்ற அங்கிள் சொன்னதுதான்: "மெதுவா வையும்மா. கல்லு நொந்துக்கும்." முதலிரவுவரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் அவர் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அங்கிளுக்குக் கிடைத்ததோ ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சின்ன ஃப்ளாட். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டை இடிக்க வந்த கான்ட்ராக்டர் கற்களைப் பார்த்துவிட்டு, "கவலப்படாதீங்க அங்கிள், விட்டுட்டுப் போங்க. பள்ளத்துல தள்ளி மேல சிமெண்டு ஊத்திடறேன்," என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மனிதர் சோறு சாப்பிடவில்லை.

முதலில் தானம் கொடுத்துப் பார்த்தார். வீடு குடிபுகுதல், பிறந்தநாள், காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் இரண்டு ஆள் தூக்கிவருகிற பரிசு. வாங்கியவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து, அவர் வெளியே போன நேரம் பார்த்து அவர் வீட்டு கேட் பக்கத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள், இங்கே கல் எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று தங்கள் வீட்டு ஆட்டுக்கல்லையும் கொண்டுவந்து போட்டார்கள்.

"ஏழு குடுத்தேன், பத்து வந்திருக்கு," என்றார் என்னிடம். "ஃபிக்ஸட் டெபாசிட்டுகூட இப்படிக் குட்டி போடாது லா."

அதற்கப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒருநாள் எனக்குப் போன்.

"உன் கல்லு இங்க கெடக்கும்மா. வந்து எடுத்துட்டுப் போ."

"என் கல்லா? எந்தக் கல்லு அங்கிள்?"

"கல்யாணத்துல நீ மிதிச்ச கல்லு. சிமெண்டுக்கு அடியில போகப்போவுது. எனக்கு ஒன்னும் இல்ல. குடும்பம் நடத்துறவ நீ, யோசிச்சுக்க."

வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் படித்தவர். "இதெல்லாம் மூடநம்பிக்கை," என்றார். சொன்ன கையோடு காடிச் சாவியைத் தேடினார். டிராலியில் கல்லோடு வந்த எங்களை எங்கள் காண்டோ வாசலில் காவலுக்கு இருக்கிற ஜாகா மறித்து, ரெனவேஷனா, பெர்மிட் இருக்கா என்று கேட்டார். "கல்யாண சாமான்," என்றேன். அவரே லிஃப்ட் பட்டனை அமுக்கிவிட்டார்.

இதே போன் ஊரில் எல்லா ஜோடிக்கும் போயிருக்கிறது. அந்த வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் புருஷன்மார்கள் எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். விவாகரத்து ஆன ஒரு ஜோடி மட்டும், அந்தக் கல் எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம் என்று வாசலில் நின்று முறைத்துக்கொண்டது. அங்கிள் அம்மியை அவளுக்கும் குழவியை அவனுக்கும் கொடுத்தார். "தொவையல் வேணும்னா ரெண்டு பேரும் பேசித்தான் ஆவணும்," என்றார். இன்றுவரை இருவரும் மிக்ஸியில்தான் அரைக்கிறார்கள்.

ஒருவழியாக வாசல் காலியானது. கான்ட்ராக்டருக்கு ஒரு கல்கூட மிஞ்சவில்லை. நானும் வெள்ளிக்கிழமை ஆனால் என் கல்லைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் என் சிநேகிதி சாந்தி தன் கல்யாண ஆல்பத்தைக் காட்டினாள். அவள் கால் வைத்திருந்த அம்மியில் ஒரு மூலை உடைந்திருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்து என் ஆல்பத்தைப் புரட்டினேன். அதே உடைந்த மூலை. என் தங்கை ஆல்பத்திலும் அதே மூலை. என் வீட்டில் இருக்கிற கல்லுக்கோ நாலு மூலையும் முழுசாக இருந்தது.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். என் வீட்டுக்காரர் இடுப்பு இன்னும் நிமிர்ந்தபாடில்லை. நேரே ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய், மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு மெத்தை, ஒரு ஃபேன், டிவிக்குக் கீழே மூலை உடைந்த அம்மி.

"அங்கிள், எல்லாக் கல்யாணத்துக்கும் இந்த ஒரே கல்லுதானா?"

"பின்ன? மத்ததெல்லாம் என்ன கனம் கனக்கும் தெரியுமா? அதத் தூக்கிட்டு மண்டபம் மண்டபமா அலைய நான் என்ன பைத்தியமா?"

"அப்ப எங்க வீட்டுல இருக்குறது?"

"காப்பார்ல ஒரு வீட்டுக் கல்லு. தங்கமான கல்லு, பத்திரமாப் பாத்துக்க."

"பொய் சொல்லிக் குடுத்துட்டீங்களே."

"நெசத்தச் சொன்னா வாங்கியிருப்பியா?"

நியாயமான கேள்வி. ஆனாலும் ஏறிவந்த வேகம் எனக்குத் தீரவில்லை. "இத மட்டும் எதுக்கு மூணு மாடி தூக்கிட்டு வந்தீங்க? இதையும் யாருக்காவது குடுத்திருக்கலாமே."

அவர் அந்த உடைந்த மூலையைத் துண்டால் துடைத்தார். "யாருக்குன்னு குடுக்க? உன் காலும் இதுலதான் பட்டுச்சு, சாந்தி காலும் இதுலதான். எனக்கென்ன புள்ளையா குட்டியா. நீங்க எல்லாரும் இதுல இருக்கீங்க."

அவர் கலக்கிக் கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். காடியில் ஏறும்போதே சாந்தி போன் பண்ணினாள்.

"என்னடி சொன்னாரு?"

"தனித்தனிக் கல்லுதானாம்டி. போட்டோவுலதான் ஒரே மாதிரி தெரியுதாம்," என்றேன்.

சாந்தியும் சரி, என் வீட்டுக்காரரும் சரி, நான் எழுதுவது எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். படிக்கிற மற்றவர்கள் தயவுசெய்து உங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறக்காதீர்கள். அந்தக் கல் அவரிடமே இருக்கட்டும்.