குனிய வைத்த டிரையர்

டிக்கெட்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தார். அந்தக் கடிதத்தை ஒழித்துவிட வேண்டியதுதான்.

மனிதருக்கு வேலை இல்லை. பத்தொன்பது வருடம் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தார். கவுண்ட்டர் ஓட்டை ரொம்பத் தாழ்வு. எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரும் குனிந்துதான் கேட்க வேண்டும். ஊரே தனக்குக் கும்பிடு போடுவதாக அவருக்கு நினைப்பு. கள்ள நோட்டு வந்தால் தொட்டே சொல்லிவிடுவார். நாலு மாதம் முன்னால் தியேட்டரை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து சோபாதான். அவர் உருவத்துக்கு அதில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. வெளியே இரண்டு வாரமாக மழை, உள்ளே இவர். இரண்டும் விடுகிற மாதிரி தெரியவில்லை.

கடிதம் ஒரு பெரிய சலவைக் கம்பெனியிலிருந்து வந்தது. மனைவியின் அண்ணன் அங்கே மேனேஜர். 'திங்கள் காலை எட்டு மணிக்கு இக்கடிதத்துடன் வரவும். கடிதம் இல்லாதவர்கள் கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள்.' மச்சானுக்குக் கீழே கைகட்டி நிற்பதா? செத்தாலும் இல்லை. முதல் கடிதம் ஜன்னல் வழியாகப் 'பறந்தது'. மச்சான் மறுபடி அனுப்பிய இரண்டாவது பழைய பேப்பரோடு 'போனது'. இப்போது வந்திருக்கும் மூன்றாவதைப் பேன்ட் பாக்கெட்டில் செருகி, மனைவியின் யூனிஃபார்மோடு சேர்த்துத் துவைத்து, அப்படியே டிரையரில் போட்டார்.

மனைவி ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவள்.

"என்னங்க, ஒரு மணி நேரமா சுத்துது, இன்னும் சொட்டச் சொட்ட ஈரம். இது என்ன, சட்டை பூரா வெள்ளை வெள்ளையா?"

"டிஷ்யூ பேப்பரா இருக்கும்."

"டிஷ்யூவுல சீல் குத்தியா விக்கறாங்க?"

கருநீலச் சட்டையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினாள். கறுப்பாக அரை வட்டம்.

"அது டிசைன்."

"சரி, மெக்கானிக்கைக் கூப்பிடறேன். பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்."

பிரித்தால் மிச்சக் கடிதமும் வெளியே வருமே!

"மெக்கானிக் எதுக்கு? நான் இருக்கேன்ல?"

"இருக்கீங்க, இருக்கீங்க. நாலு மாசமா அதானே பண்றீங்க."

மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவருடைய பள்ளத்தில் போய் உட்கார்ந்தாள்.

"'டிரம் சுற்றியும் சூடு வரவில்லை என்றால்...' முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. எனக்கு இப்ப விதவையாக நேரமில்லை."

பிடுங்கினார்.

"துணிப் பஞ்சு சேர்ற வலையை எடுங்க."

எடுத்தார். போர்வை தைக்கலாம், அவ்வளவு பஞ்சு. அதைச் சுத்தம் செய்வது நாலு மாதமாக அவர் பொறுப்பு. மேலே கூழாகக் கடிதம். சட்டென்று சுரண்டிப் பாக்கெட்டில் திணித்தார்.

"பின்னால காத்துக் குழாய் மடங்கியிருக்கா?"

மடங்கி, சுவரோடு நசுங்கிக் கிடந்தது. ஈரக் காற்று வெளியே போக வழியில்லை. சூடு உள்ளேயே ஏறியிருக்கிறது. எரிந்து போகாமலிருக்க மெஷின் தானே சூட்டை நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. டிக்கெட்காரர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். தன் கதையை யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது.

குழாயை நிமிர்த்தினார். அரை மணி நேரம் ஆறவிட்டார்.

"இப்ப பின்பக்கம், அடியில ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினாத்தான் சூடு திரும்ப வருமாம்."

முட்டி போட்டார். கன்னம் தரையில் உரச, பின்புறம் கூரையைப் பார்க்க, கையை விட்டுத் துழாவினார். பத்தொன்பது வருடம் ஊரைக் குனிய வைத்த மனிதர். 'டிக்.'

பிளக்கைச் செருகினார். பத்து நிமிடத்தில் மெஷின் வெதுவெதுப்பாக மூச்சு விட்டது. நாலு மாதத்தில் அவர் கையால் உருப்பட்ட முதல் காரியம். கண் கலங்கிவிட்டது. "பஞ்சு விழுந்திடுச்சு" என்றார். மனைவி அதற்குள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்ததும் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "ஒரு கெட்ட செய்திம்மா. அந்த லெட்டரு பாக்கெட்டுலயே இருந்திருக்கு. துவைச்சுத் தொலைச்சிட்டேன். நம்ம விதி."

"தெரியும்."

தன் லைசென்ஸ் உறையிலிருந்து மடிப்புக் கலையாத ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கீழே வயலட் நிறத்தில் சீல் பளபளத்தது.

"நீங்க துவைச்சது ஜெராக்ஸு. சீல் கறுப்பா இருந்துச்சே, பார்க்கலையா? கள்ள நோட்டைத் தொட்டே சொல்ற ஆளாச்சே!"

அவர் காகிதத்தை வாங்கிப் பழக்கதோஷத்தில் சீலைத் தடவிப் பார்த்தார். வெளியே மழை வலுத்தது.

"அண்ணன் உங்களை மூட்டை தூக்கத்தான் கூப்பிட்டிருந்தாரு. நீங்களே டிரையரைச் சரி பண்ணிட்டீங்கன்னு இப்பத்தான் சொன்னேன். துள்ளிக் குதிக்கறாரு. ரிப்பேர் வேலையே உங்களுக்குத்தானாம்."

"அங்க... எத்தனை டிரையர்?"

"நாப்பது. எல்லாத்துக்கும் பட்டன் அடியிலதானாம்."