கட்டில் சாரின் அரைப்பல்

அந்தமானில் பணி நேரத்தில் படுத்துக் கிடந்த அரசு ஊழியர்கள் பலர். அதையே பணியாகச் செய்தவர் கட்டில் சார் ஒருவர்தான்.

மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் அதிகாரி அவர். நான் அவருடைய உதவியாளன். ஃபைல் சுமப்பதும் நாள், தேதி குறிப்பதும் என் வேலை. மற்ற அதிகாரிகள் வாசலில் பூங்கொத்து வாங்கி, வார்டை ஒரு சுற்றுச் சுற்றி, பிஸ்கட் தின்று, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். சார் நுழைந்ததும் காலிக் கட்டிலைத் தேடுவார். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு மல்லாந்து படுத்துவிடுவார்.

"நின்னுக்கிட்டுப் பாத்தா ஃபேன் சுத்துதது தெரியும்வே. காத்து வருதான்னு படுத்தாத்தான் தெரியும்" என்பார். திருநெல்வேலிக்காரர். போர்ட் பிளேரில் பாதி வாழ்க்கையைக் கழித்தும் அந்த 'வே' கப்பலேறிப் போகவில்லை.

ஒரு மருத்துவமனையில் படுத்துக்கொண்டு தலைமாட்டு மணியை அழுத்தினார். யாரும் வரவில்லை. மீண்டும் அழுத்தினார். கேன்டீன்காரர் டீயுடன் வந்தார். பழுதுபார்த்தவர் மணியின் கம்பியைக் கேன்டீனில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். சார் டீயைக் குடித்து முடித்து அறிக்கை சொல்ல, நான் எழுதினேன்: "நோயாளி அழைத்தால் டீ வருகிறது. டீ நன்றாக இருக்கிறது. நர்ஸும் வந்தால் நல்லது."

பாராடாங்கில் அவர் படுத்திருந்தபோது ஷிஃப்ட் மாறிவிட்டது. புதிதாக வந்த நர்ஸ் அவரை நோயாளி என்று நினைத்து வாயில் தெர்மாமீட்டரை வைத்தார், கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். காட்டுப் பாதையில் வண்டிகளைக் கூட்டமாக அனுப்பும் கான்வாய் கிளம்பிவிடுமே என்று நான் வாசலில் தவித்துக்கொண்டிருந்தேன். சாரோ, நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் கை கழுவுகிறாரா என்று பார்ப்பதற்காக வாயைத் திறக்கவில்லை. அவர் கழுவினார். அன்று அறிக்கையில் பாராட்டு. கூடவே பிரஷர் அதிகம், உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நர்ஸ் சொன்னாராம். சார் அன்று முதல் ஊறுகாயை விட்டார்.

அவரிடம் ஒரு கோளாறு உண்டு. ஆய்வு என்று வந்துவிட்டால் இந்திதான் பேசுவார். எதிரில் இருப்பவர் தமிழராக இருந்தாலும் விடமாட்டார். "சர்க்கார்னா இந்திதான்வே. தமிழ்ல கேட்டா சொந்தக்காரன் நலம் விசாரிக்கான்னு நெனச்சிருவான்." அந்த இந்தியும் தனி ரகம். தெரியாத சொல் வந்தால் தமிழ்ச் சொல்லின் வாலை நறுக்கி, பின்னால் ஒரு 'ஹை' சேர்ப்பார். இந்த வித்தையை இத்தீவுகளில் அவர் மட்டும் செய்யவில்லை என்பதுதான் இந்தக் கதை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, கராச்சர்மாவில் இருந்த ஒரு முதியோர் இல்லத்திலிருந்து ஒரு ஃபைல் வந்தது. ராமையா என்று ஒருவர். இலங்கை மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து, தீவில் ரப்பர் பால் எடுத்து முதுமையடைந்தவர். ஃபைலில் ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: "எந்நேரமும் நாளை, நாளை என்கிறார். சோற்றை அளைந்துகொண்டே இருக்கிறார். நாள், கிழமை பற்றிய தெளிவு இல்லை. மெயின்லேண்டில் உள்ள மனநலக் காப்பகத்துக்கு மாற்றலாம்." சார் கையெழுத்துப் போட்டால் அடுத்த கப்பலில் அவர் போய்விடுவார்.

அவருடைய மகள் ஜங்லிகாட்டில் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து அப்பாவைப் பார்க்கப் போவாள். விஷயம் கேள்விப்பட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"எங்கிட்ட நல்லாத்தாங்க பேசுறாரு. கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டா நான் எங்க போயிப் பாக்குறது?"

சார் பேனாவை மூடினார். "வண்டிய எடுக்கச் சொல்லும்வே" என்றார்.

இல்லத்தின் வார்டன் வங்காளத்துப் பெண்மணி. எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவார்கள். முதியவர்களின் தலையைத் தடவித்தான் பேசுவார். சார் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ராமையாவின் பக்கத்துக் கட்டிலில் போய்ப் படுத்தார். புதிதாகச் சேர்ந்தவர் போலிருக்கிறது என்று ராமையா அவரைப் பரிவுடன் பார்த்தார். சார் இந்தியில் பெயர் கேட்டார். ராமையா, மனிதர் இந்திக்காரர் என்று முடிவு செய்துகொண்டு, தமக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொன்னார். இரண்டு தமிழர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, மூன்றாவது தமிழனான நான் ஃபைலுடன் நின்றேன்.

மதியச் சாப்பாடு வந்தது. கட்டிலில் கிடக்கும் எல்லோருக்கும் தட்டு உண்டு என்பதால் சாருக்கும் வந்தது. ராமையா அவர் பக்கம் குனிந்து எச்சரித்தார்.

"பாய், சாவல் மே கல் ஹை."

'கல்' என்றால் இந்தியில் நாளை. சோற்றில் நாளை இருக்கிறது. ஃபைலில் எழுதியிருந்தது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. சாருக்கும் தோன்றியிருக்க வேண்டும். "அச்சா, அச்சா" என்று ஆறுதலாகத் தலையாட்டிவிட்டு ஒரு கவளத்தை வாயில் போட்டார்.

கடக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது.

சார் எழுந்து உட்கார்ந்தார். முன்பல்லில் பாதியைக் காணவில்லை. அந்த நிலையிலும் சர்க்கார் நெறி தவறாமல், தட்டைக் காட்டி, "தீதி, கல் ஹை" என்றார்.

தீதி பதறிப்போனார். இந்தியில் நேற்றும் 'கல்'தான். பழைய சோறு என்று அதிகாரி குற்றம் சொல்வதாக நினைத்து, "கல் கா நஹி, சார், ஆஜ் கா ஹை" என்றார். நேற்றுச் சோறு இல்லை, இன்று வடித்தது.

சார் உள்ளங்கையில் துப்பினார். கல்லும் அரைப்பல்லும் அருகருகே கிடந்தன. "எலே, கல்லு" என்றார், ஆய்வில் முதல் தடவையாகத் தமிழில்.

ராமையாவின் முகம் மலர்ந்தது. "நம்ம ஆளுங்களா தொரை? மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

"இத இவங்ககிட்ட நீங்க சொல்லலையா?" என்று கேட்டார் சார்.

"தெனமும் சொல்லுறேனே தொரை. இந்தியிலதான் சொல்லுறேன். அந்தம்மா ரொம்ப நல்லவங்க. தலையத் தடவி, ஆமா பாபா, கல்லு கல்லுன்னு ஒத்துக்குவாங்க. எடுக்கத்தான் மாட்டாங்க."

மகளைக் கேட்கிறார், நாளை வருவாள் என்று தேற்றுவோம் என்றுதான் தீதி தினமும் தலையைத் தடவியிருக்கிறார். மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம பூரிங்க. பூரியில கல்லு வராது. புள்ள வர்ற அன்னைக்கு எதுக்குக் கொறை சொல்லணும்?" என்றார்.

அன்றைய அறிக்கையைச் சார் தம் கையாலேயே எழுதினார்: "ராமையா தெளிவாக இருக்கிறார். அரிசிதான் தெளிவாக இல்லை." மாற்றல் பரிந்துரையைக் குறுக்கே அடித்தார். தீதி மறுநாளே முறத்துடன் உட்கார்ந்து அரிசி பொறுக்கத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தவர் ராமையா. சார் மட்டும் பல்லைக் கட்டிக்கொள்ளவே இல்லை. "இருக்கட்டும்வே. இனி எவன்கிட்டயும் மொதல்ல தமிழ்லயே கேக்கணும்னு நாக்குக்கு ஞாபகம் இருக்கும்" என்றார். சொன்னபடி கேட்கவும் செய்தார்.

ஓய்வு பெற்று அவர் ஊருக்குக் கப்பலேறிய அன்று துறைமுகத்துக்குப் போயிருந்தேன். தீவுக்குத் திரும்ப எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். அரைப்பல் தெரியச் சிரித்து, "கல்" என்றார்.

தேதியில் பிடிவாதம் உள்ளவன் நான். நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் இந்தியிடம் எனக்குப் பழைய மனத்தாங்கல் உண்டு. இப்போது இல்லை. எப்போதாவது சோற்றில் கல் கடித்தால் கோபம்கூட வருவதில்லை. சார் நேற்றுத்தான் போனார், நாளை வந்துவிடுவார் என்று தோன்றுகிறது.