எனக்கு மட்டும் சுடவில்லை

ரத்தப் பரிசோதனைக்கு முந்தின சில நாள்கள் மட்டும் என்னைப்போல் ஒழுக்கமான மனிதனை ராஜபாளையத்தில் பார்க்க முடியாது. பாகற்காய்ச் சாறு, காலை நடை, வேளை தவறாத மாத்திரை. ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு சப்பட்டை மாம்பழம் என் பைக்குள் ஏறிவிடும். (ஒன்று என்று சொல்வது மரியாதைக்காக.) சுகரை நான் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி நினைத்திருந்தேன். பாஸாகிவிட்டால் புத்தகத்தை மூடிவிடலாம்.

என் மனைவி பாக்கியம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். மகள் மீனா சொல்லிச் சொல்லியே வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். ஒருநாள் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல், ஒற்றைச் செருப்போடு கடைத்தெருவிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். "என்னங்க, இன்னொரு செருப்ப எங்க?" என்று பாக்கியம் கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். "ஆபீஸ் யோசனை" என்றேன். நான் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் சூப்பர்வைசர். செருப்பை மறக்கிற அளவுக்கு அங்கே என்ன யோசனை இருக்கும் என்று அவள் கேட்கவில்லை.

மீனாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வரன் வந்தது. பையன் கார்த்தி. மடவார் வளாகத்தில் வீடு. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். பக்கத்திலேயே வைத்தியநாத சாமி கோவில் இருப்பதால், அங்கேயே பெண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கை நனைக்கலாம் என்று ஏற்பாடு. சித்திரை மாதம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே உச்சி வெயில் நெருங்கிவிட்டது.

"நடை சாத்தப் போறாக, வெரசா ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவோம்" என்றார் கார்த்தியின் அம்மா சரசுவதி மதினி.

வெளிப் பிரகாரத்தில் தேங்காய்நார் விரிப்பு ஒன்று ஒடுக்கமாகக் கிடந்தது. அதில் எல்லாரும் நடக்க இடமில்லை. கால் வழுக்கிக் கல்லில் பட்டவர்கள் "ஆத்தாடி" என்று துள்ளிக் குதித்தார்கள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடாத பெண் இல்லை. நான் மட்டும் விரிப்பைப் பெண்வீட்டுக்காரனின் பெருந்தன்மையோடு மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வெறும் கல்லில் நடந்தேன். சும்மா நடக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிதானமாக. நடுவில் நின்று கோபுரத்தைப் பற்றி எனக்குத் தெரியாத வரலாறெல்லாம் சொன்னேன்.

"அண்ணாச்சி, கால் சுடலையா ஒங்களுக்கு?" என்று மதினி விரிப்பிலிருந்து கத்தினார்.

"சாமி சந்நிதியில என்ன சுடுது மதினி? எல்லாம் மனசுதான்" என்றேன்.

கார்த்தியின் சித்தப்பா கையெடுத்துக் கும்பிடாத குறை. "அந்தக் காலத்து ஒடம்புய்யா. எம்புட்டு வைராக்கியம் பாரு" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. இந்தக் காலத்து ஆட்களுக்குப் பாதம் வெண்ணெயாகிவிட்டது என்று மனத்துக்குள் வருத்தப்பட்டுக்கூடக் கொண்டேன்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் புதிதாக வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்து, கொடுத்த பால்கோவாவை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தின்றேன். தரையில் திட்டுத் திட்டாகக் கிடந்த ஈரத்தை யாரோ கொட்டிய சர்பத் என்று நினைத்து, மதினி துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். வாசலில் ஆரம்பித்தவர், வளைந்து வளைந்து, என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். துணியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி," என்றார், மெதுவாக. "ஒங்க கால்லருந்துதான் வருது."

பாக்கியம் என் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து, தோல் பிரிந்து தொங்கியது. பெண் பார்க்க வந்த இடத்தில், தலை நிறையப் பூவும் பட்டுச் சேலையுமாக மீனா தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்கலையாப்பா?"

"வலிக்கவே இல்லம்மா" என்றேன், அவளைத் தேற்றுவதற்காக. அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

கார்த்திதான் காரை எடுத்தான். ராஜபாளையத்தில் எங்கள் டாக்டரம்மா என் காலைப் பார்த்துவிட்டு, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சூடு பட்டா கால் மூளைக்குச் சொல்லணும். உங்க கால் சொல்றத நிறுத்தி ரொம்ப நாளாச்சு" என்றார். பெட்டில் சேர்த்தார்கள். ஊருக்கெல்லாம் கட்டுத் துணி நெய்து அனுப்பியவன், முதல்முறையாக என் காலில் அதைச் சுற்றிப் பார்த்தேன். இழை நெருக்கம் சரியில்லை என்று நர்ஸிடம் குறை சொன்னேன். (வேறு என்னத்தைப் பேச?) உள்ளங்கால் மெல்ல ஆறியது. இடது சுண்டு விரல் ஆறவில்லை. கறுத்தது. எடுத்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேச்சே இல்லை. அப்பனுக்கு இருப்பது பெண்ணுக்கும் வராதா என்று யோசிக்கிறார்கள் போல, என்றாள் பாக்கியம். என் மாம்பழத்தால் என் மகள் கல்யாணம் நின்றுபோகும் என்று நான் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. மீனா என் முன்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சோற்றை அளந்து வைத்துவிட்டுப் போவாள்.

ஒரு மத்தியானம் சரசுவதி மதினி தூக்குவாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கேழ்வரகுக் களியும் கீரையும். தட்டில் எடுத்து வைத்துவிட்டு என் கட்டைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரவுகளும் இப்படித்தான் அண்ணாச்சி. மாத்திரை எதுக்கு, எல்லாம் மனசுதாம்பாக. அன்னைக்கு நீங்க அந்த வார்த்தையச் சொன்னதும் எனக்குத் திக்குன்னுச்சு. ஒங்க காலத் தொடச்ச பொறவு ரெண்டு நாளு நான் படுக்கையவிட்டு எந்திரிக்கல. அதான் போன் போடல." மூக்கைச் சிந்திக்கொண்டார். "கார்த்தி கல்யாணத்தப் பாக்க அவிய இல்ல. மீனா கல்யாணத்தப் பாக்க நீங்களாவது இருங்க."

நான் களியைத் தின்றேன். அன்றிலிருந்துதான் சுகருக்கு முறையாக வைத்தியம் பார்க்கிறேன். காலையில் ஊசி, அளந்த சாப்பாடு, வீட்டுக்குள்ளும் செருப்பு. சாயங்காலம் பாக்கியம் என் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மணமேடையில் பாத பூஜை. கார்த்தியின் அப்பா இடத்தில் அவன் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்து முடிந்தது. பிறகு எங்கள் முறை. எல்லார் முன்னாலும் அந்தக் காலைத் தாம்பாளத்தில் வைக்கக் கூச்சமாக இருந்தது. வீடியோக்காரர் வேறு, "சார், கைகூப்பிக் கண்ண மூடிக்கோங்க, நல்லா வரும்" என்றார். மூடிக்கொண்டேன். மீனா கலங்கிவிடக் கூடாதே என்று முந்திக்கொண்டு சொன்னேன்: "தெரியுதும்மா. தண்ணி நல்லாத் தெரியுது. ஜில்லுன்னு இருக்கு."

மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"அப்பா," என்றாள் மீனா. "நான் இன்னும் செம்பையே எடுக்கலப்பா."

மண்டபமே சிரித்தது. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இன்றைக்கும் நான் எதையாவது தெரிந்த மாதிரி பேச ஆரம்பித்தால், மருமகன் உட்பட எல்லாரும் ஒரே குரலில் "செம்பையே எடுக்கல" என்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பாதிப் பேர் எழுந்து காப்பிக்குப் போய்விடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். வீடியோவில் அதற்குப் பிறகுதான் மீனா தண்ணீர் ஊற்றுகிறாள். முந்தானையால் என் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். கடைசியில், சுண்டு விரல் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். மேலே நான் கைகூப்பிக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். அவள் அப்படிப் பிடித்திருந்தது எனக்கு இந்த வீடியோவைப் பார்த்துத்தான் தெரியும்.