பொள்ளாச்சி ராஜாவை நாடு கடத்திய கதை

சந்தேகப் பிராணிக்குப் பதவி கொடுக்கக் கூடாது. நாடகத்தில்கூடக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

நியூ ஜெர்சி, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த ஓர் ஆப்பிரிக்க நாட்டைப் பற்றிய நாடகம். நாடு கற்பனை, சங்கதி நிஜம். அத்தகைய நாடுகளில் ராஜாவை அகற்ற மாட்டார்கள். சிம்மாசனம், குடை, திருவிழா எல்லாம் அவருக்கே. வரியும் படையும் மட்டும் (மட்டும்!) லண்டன் அனுப்பிய கவர்னருக்கு. கவர்னர் உத்தரவு போடமாட்டார், ‘ஆலோசனை’ சொல்வார். அதைக் கேட்காத ராஜாவைக் கப்பலேற்றிவிடுவார்.

நான் கவர்னர். ராஜா, பக்கத்துத் தெரு செந்தில். பொள்ளாச்சிக்காரர், பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடுபவர். அதுவே எனக்கு உறுத்தியது. இவ்வளவு மரியாதை எதற்கு? போதாக்குறைக்கு, ஒத்திகைக்கு நான் நுழைந்ததும் இயக்குநரிடம் பேசிக்கொண்டிருந்ததைச் சட்டென்று நிறுத்தினார்.

“அந்த மனுஷன் ஏதோ பிளான் பண்றார் வித்யா,” என்றேன் மனைவியிடம். “கடைசி சீன்ல டயலாக்கை மாத்தி மொத்தக் கைதட்டலையும் அள்ளிட்டுப் போகப் போறார்.”

“உங்க கவர்னர் கோட்டே அவர் குடுத்ததுதானே!”

“அதான் கேக்கறேன். எதுக்குக் குடுத்தார்?”

பாத்திரத்துக்குத் தயாராகிறேன் என்று நூலகத்தில் அந்தக் காலத்துக் கவர்னர்களைப் பற்றிப் படித்தது இன்னும் மோசம். ராஜா சிரித்தால் சதி, சிரிக்காவிட்டால் கலகம் என்று வாழ்ந்திருக்கிறார்கள். அடடா, நம்ம ஆட்கள்!

விழா நாள். கடைசிக் காட்சி. ராஜா வரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தலைகுனிய வேண்டும், திரை விழ வேண்டும். அவ்வளவுதான். நான் காகிதத்தை நீட்டினேன். செந்தில் அசையவில்லை.

“கையெழுத்திடுங்கள் அரசே. இது என் ஆலோசனை.”

“கை வரமாட்டேங்குதுங்க,” என்றார் மெதுவாக.

வசனத்தில் இது கிடையாது! ஏழை மக்கள்மேல் வரி போடக் கை வராத மன்னராம். முன்வரிசையில் ஓர் ஆன்ட்டி ‘த்சொ த்சொ’ கொட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது.

“வரும். வரவைப்பேன்!”

“நெசமாலுமே வரலீங்க.” கண்ணால் வேறு ஏதோ ஜாடை காட்டினார். கெஞ்சுகிற நடிப்பு! கைதட்டல் எழுந்தது.

“இந்த ராஜாவை நாடு கடத்துங்கள்!” என்று அலறினேன். என் படை என்பது, அட்டைத் துப்பாக்கியோடு நின்ற என் மகள் நிலா.

“அப்பா, ஹி இஸ் ஸ்டக்!” என்றாள் அவள்.

படையிலும் கலகம்! பெற்ற மகளையும் விலைக்கு வாங்கிவிட்டான் பொள்ளாச்சிக்காரன். நானே பாய்ந்து ராஜாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். ராஜா வந்தார். கூடவே சிம்மாசனமும் வந்தது. ஜரிகைத் துணி போர்த்திய மடக்கு நாற்காலி அது. அதன் இடுக்கில் அவர் அங்கியின் கை வசமாக மாட்டிக்கொண்டிருந்தது. ‘டர்ர்ர்’ என்று தோள்வரை கிழிய, நான் கீழே, என்மேல் ராஜா, அவர்மேல் நாற்காலி.

அந்த நிலையிலும் அவர் காதோரம் கேட்டார்: “அடி ஏதும் படலீங்களே?”

(ஏன் கேட்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். நான் அப்படிப்பட்டவன்.)

ஒத்திகையில் செந்தில் பேச்சை நிறுத்திய காரணத்தை வித்யா பிறகு விசாரித்துச் சொன்னாள். கோட் எனக்குத் தொளதொளவென்று இருப்பதை என் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். மேடையில் விழுந்ததைவிட அதுதான் வலித்தது.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க, நம்ம நாடகத்துக்குத்தான் அன்னிக்கு அதிகக் கைதட்டு,” என்று காபி கொடுத்தார். ஆனால் அவர் மட்டும் விடவில்லை. இப்போதும் தீபாவளிக்கு இனிப்புடன் வந்தால் செந்தில் எங்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்.

“உள்ள வரலாமுங்களா? இல்ல, நாடு கடத்துனது கடத்துனதுதானுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து நிலாவின் குரல் வரும்: “அப்பா, ஜஸ்ட் கிவ் ஹிம் எ க்ரீன் கார்ட்!”